'எட்டாவதுதான் படிச்சிருக்கேன்... குழந்தை பார்த்துக்கிற வேலை கிடைக்குமா?': வீடுகளில் உண்மையில் என்ன கேட்கிறார்கள்? முழு விவரம்

"6 மாதக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை. காலை 8 முதல் இரவு 7 வரை. அன்பாக, சுத்தமாக இருக்க வேண்டும்."

சென்னையில் சோழிங்கநல்லூர், வேளச்சேரி, அண்ணா நகர் பக்கம் இருக்கும் எந்த அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பை எடுத்துக்கொண்டாலும் வாரத்துக்கு ஒருமுறையாவது இப்படி ஒரு மெசேஜ் வந்துவிடும். கவனித்தீர்களா? "என்ன படித்திருக்கிறீர்கள்" என்று அதில் எங்குமே கேட்கவில்லை.

அதே நேரத்தில், வேலை தேடும் பெண்களில் பலர் "நம்ம படிப்புக்கு யார் கொடுப்பாங்க" என்று ஆரம்பத்திலேயே ஒதுங்கிவிடுகிறார்கள். அல்லது, கிடைத்தால் போதும் என்று சம்பளம்கூடப் பேசாமல் போய்ச் சேருகிறார்கள். இந்த வேலைக்கு மார்க் ஷீட் பெரிய தடை இல்லை. தடையாக இருப்பது வேறு விஷயங்கள். அவை என்ன, எப்படித் தயாராவது, எங்கே ஏமாறாமல் இருப்பது என்று பார்க்கலாம்.

ஆறாவது மாதம் ஏன் முக்கியம்?

2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தில் திருத்தம் வந்தது. சம்பளத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு இது பொருந்தும். 26 வாரம் என்றால் 6 மாதம். அதனால் வேலைக்குப் போகும் அம்மாக்கள், குழந்தைக்கு நாலு மாதமோ ஐந்து மாதமோ ஆகும்போது ஆள் தேட ஆரம்பிக்கிறார்கள். ஊரிலிருந்து வந்து உதவிய பாட்டி திரும்பிப் போகும் நேரமும் பெரும்பாலும் அதுதான்.

வேலை தேடுபவர்களுக்கு இது ரொம்ப உபயோகமான கணக்கு. உங்களுக்குத் தெரிந்த அபார்ட்மென்ட்டில் யாருக்காவது குழந்தை பிறந்திருக்கிறதா? மூன்றாவது, நான்காவது மாதத்திலேயே காதில் போட்டுவிடுங்கள். ஆறாவது மாதம் அவசரத்தில் தேடும்போது அவர்கள் ஏஜென்சிக்குப் போன் போட்டுவிடுவார்கள்.

அதே சட்டத்திருத்தம் இன்னொன்றையும் சொன்னது. 50 பேர், அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். ஐ.டி. நிறுவனங்கள் பலவும் இதற்காக வெளியே உள்ள கிரெச்களோடு ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. அங்கே டீச்சர் வேலைக்குப் படிப்பு கேட்பார்கள். ஆனால் உதவியாளர், அதாவது நாம் 'ஆயாம்மா' என்று சொல்லும் வேலைக்கு அனுபவமும் பொறுமையும் இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். வீட்டு வேலையைவிடச் சம்பளம் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். ஆனால் முதல்முறை வேலைக்குப் போகிறவர்களுக்கு இதுதான் நல்ல ஆரம்பம் என்பது நம் கருத்து. கூட நாலு பேர் இருப்பார்கள், வேலையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். "ஒரு வருஷம் கிரெச்ல இருந்தேன்" என்று அடுத்த இடத்தில் சொல்ல ஒரு பதிலும் கிடைக்கும்.

ஒப்பிட்டுப் பாருங்கள்: அங்கன்வாடி உதவியாளர் பணிக்கே இப்போது பத்தாம் வகுப்பு தேர்ச்சி கேட்கிறார்கள். வீடுகளிலும் கிரெச்களிலும் அந்தக் கட்டாயம் இல்லை.

அப்படியானால் என்னதான் கேட்கிறார்கள்?

நம்பிக்கை. அதை வாயால் சொன்னால் யாரும் ஏற்கப் போவதில்லை, கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

முதலில், உங்களைப் பற்றிச் சொல்ல இரண்டு பேர். முன்பு பாத்திரம் தேய்க்கவோ சமையலுக்கோ போன வீடாக இருந்தாலும் பரவாயில்லை. "இவங்க ரெண்டு வருஷம் எங்க வீட்ல இருந்தாங்க, நேர்மையானவங்க" என்று போனில் ஒருவர் சொல்லும் வார்த்தைக்கு டிகிரி சர்டிபிகேட்டைவிட மதிப்பு அதிகம். வீட்டு வேலைக்கே போனதில்லையா? பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டது, தங்கச்சி பிரசவத்தில் கூட இருந்தது, எல்லாமே அனுபவம்தான். அந்தக் குழந்தையின் அம்மாவின் நம்பரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், போன் வரும்போது தடுமாற மாட்டார்.

அடுத்து ஆவணங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் ஆகியவற்றின் ஜெராக்ஸ், இரண்டு போட்டோ. ஆதார் ஜெராக்ஸ் கொடுக்கும்போது அதன் மேலேயே "வீட்டு வேலைக்காக மட்டும்" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒரிஜினலை யாரிடமும் விட்டு வராதீர்கள். "சும்மா எங்ககிட்ட இருக்கட்டும்மா" என்று எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் சரி.

போலீஸ் வெரிஃபிகேஷன் என்றதும் சிலர் பயந்துபோகிறார்கள். தேவையில்லை. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டுப் பணியாளர்களுக்கென்றே விண்ணப்பிக்கும் வசதி உண்டு. உங்கள் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று காட்டும் காகிதம் உங்களுக்குத்தான் பலம். இதற்குக் கட்டணம் உண்டு. கேட்பது அவர்கள் என்பதால் கட்டச் சொல்லி அவர்களிடமே தயங்காமல் கேட்கலாம்.

சில வீடுகளில் உடல்நலப் பரிசோதனை கேட்பார்கள். குழந்தையோடு நாள் முழுக்க இருக்கப் போகிறவருக்கு காசநோய் போன்ற தொற்று இருக்கக் கூடாது என்பது நியாயமான கவலை. அரசு மருத்துவமனையிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ரிசல்ட்டை உங்களிடம்தான் முதலில் தர வேண்டும், நீங்கள் பார்த்த பிறகே அவர்களுக்குக் காட்டுங்கள்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளிலிருந்து ஓ.எம்.ஆர். அபார்ட்மென்ட்களுக்கு எத்தனையோ பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். அட்ரஸைப் பார்த்ததுமே "அப்புறம் சொல்றோம்" என்று அனுப்பிவிடும் வீடுகளும் இருக்கின்றன. "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். குழந்தையைத் தூக்கும் கைக்கு இதெல்லாம் எதற்கு? அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. "வேலை எப்படிச் செய்றேன்னு ரெண்டு நாள் பாருங்கம்மா" என்று பேச்சைத் திருப்பலாம். அதற்குப் பிறகும் அதையே கேட்கும் வீட்டில், நாளைக்கு உங்களுக்குத் தனி டம்ளர் வரும். அந்த வீட்டை விட்டுவிடுவதே நல்லது.

"நாலு பிள்ளை வளர்த்தவ நான்... எனக்குத் தெரியாதா?"

இன்டர்வியூவில் பலர் வேலையை இழப்பது இந்த ஒரு வரியில்தான். அனுபவம் பெரிய சொத்து, சந்தேகமே இல்லை. ஆனால் இன்றைய பெற்றோர் குழந்தைகள் நல மருத்துவர் சொல்வதை வரிக்கு வரி பின்பற்றுகிறார்கள். நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த சில விஷயங்களை டாக்டர்கள் இப்போது கூடாது என்கிறார்கள். அது என்னென்ன, ஏன் என்று தெரிந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம். வெயில் காலத்தில் "நாக்கு வறண்டு போகுமே" என்று ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுக்கத் தோன்றும். தாய்ப்பாலிலேயே தேவையான தண்ணீர் இருக்கிறது என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் வரை எல்லோரும் சொல்வது. தேனை ஒரு வயது வரை நாக்கில் தடவவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி கைக்குழந்தையின் குடலில் விஷத்தை உண்டாக்கி, உடம்பைத் துவளச் செய்துவிடும். கழுதைப்பால், வசம்பு, உரை மருந்து எல்லாம் அந்தந்த வீட்டு முடிவு. நீங்களாக எதையும் கொடுக்கக் கூடாது.

குளிக்க வைக்கும்போது மூக்கில் ஊதி சளி எடுப்பது, காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது, தொண்டைக்குள் விரல் விட்டுச் சுத்தம் செய்வது ஆகிய மூன்றையும் மருத்துவர்கள் தடுக்கிறார்கள். தொற்று வரலாம், எண்ணெய் மூச்சுப்பாதைக்குள் போகலாம். சாம்பிராணிப் புகையும் பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீரின் சூட்டைக் கையால் பார்ப்பதைவிட முழங்கையால் பாருங்கள். பாத்திரத்தில் பழகிய கைக்கு சூடு சரியாகத் தெரியாது.

தூங்க வைப்பதில்தான் பெரிய மாற்றம். கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். குப்புறப் படுக்க வைப்பது ஆபத்து. பக்கத்தில் தலையணை, கனமான போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம். அழுகையை நிறுத்த வேகமாகக் குலுக்கவே கூடாது. கழுத்து நிற்காத குழந்தைக்கு அது மூளையிலேயே ரத்தக்கசிவை ஏற்படுத்திவிடும். அழுகை தாங்க முடியவில்லையா? குழந்தையைத் தொட்டிலிலோ கட்டிலிலோ பத்திரமாக மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, இரண்டு நிமிஷம் தள்ளி நின்று மூச்சு விடுங்கள். அழும் குழந்தையைவிட பொறுமை இழந்த பெரியவர்தான் ஆபத்து.

தவழ ஆரம்பித்துவிட்டால் கதை வேறு. பாத்ரூம் வாளியில் நாலு விரல்கிடை தண்ணீர் இருந்தாலும் குழந்தை தலைகுப்புற விழுந்து மூழ்கிவிடும். வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை, பொத்தான் பேட்டரி, காந்தம்... இவை எதுவும் கைக்கு எட்டக் கூடாது. ஏதாவது தொண்டையில் சிக்கி, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையால் அழவோ இருமவோ முடியவில்லை என்றால், முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை கீழே இருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. வரவில்லை என்றால் திருப்பிப் போட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் 5 அழுத்து. பொருள் வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். பக்கத்தில் யாராவது இருந்தால் உடனே 108-க்கு அழைக்கச் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவக் கூடாது, இன்னும் உள்ளே போய்விடும். இதைப் படித்து மட்டும் கற்றுக்கொள்ள முடியாது. செஞ்சிலுவைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற அமைப்புகள் முதலுதவிப் பயிற்சி நடத்துகின்றன. ஒருநாள் போய்ச் செய்து பார்த்துவிட்டு வந்தால், இன்டர்வியூவில் அதைச் சொல்லும்போது எதிரில் இருக்கும் அம்மாவின் முகமே மாறும்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் இருந்தால் காத்திருக்கக் கூடாது, உடனே பெற்றோருக்குப் போன், உடனே டாக்டர். பிழிந்து வைத்த தாய்ப்பாலை அறை வெப்பத்தில் 4 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. மைக்ரோவேவில் சூடாக்கக் கூடாது, வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துத்தான் சூடாக்க வேண்டும். குடித்தது எவ்வளவு, தூங்கியது எத்தனை மணி, மோஷன் போனது எத்தனை தடவை என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். எழுத வராதா? வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் போடுங்கள். பெற்றோருக்கு ஆபீஸில் உட்கார்ந்து நிம்மதியாக வேலை பார்க்க இது ஒன்று போதும்.

சர்டிபிகேட் வேண்டவே வேண்டாமா?

கட்டாயம் இல்லை. ஆனால் இருந்தால் சம்பளம் பேசும்போது கை ஓங்கும்.

மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் 'சைல்டு கேர்டேக்கர்' என்று தனியாகவே ஒரு பயிற்சிப் பிரிவு உண்டு. வீட்டுப் பணியாளர்களுக்கான திறன் கவுன்சில் இதன் பாடத்திட்டத்தை வகுத்தது. பெரிய படிப்பு தேவைப்படாத பயிற்சி இது. 2015-ல் தொடங்கிய பிரதமரின் கவுசல் விகாஸ் யோஜனாவில் இன்னொரு வழியும் இருக்கிறது. ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களை நீண்ட வகுப்பில் உட்கார வைக்காமல், குறுகிய பயிற்சியும் தேர்வும் வைத்துச் சான்றிதழ் கொடுப்பார்கள். உங்கள் மாவட்டத்தில் இப்போது எந்த மையத்தில் நடக்கிறது என்பதை மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். இந்தத் திட்டத்தில் பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. "15 நாளில் நானி கோர்ஸ், முடித்ததும் 25,000 சம்பளம், இப்போதே பணம் கட்டுங்கள்" என்று வரும் விளம்பரங்களை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

எங்கே தேடுவது? ஏஜென்சியை நம்பலாமா?

பெரும்பாலான வேலைகள் வாய்வழியாகத்தான் கிடைக்கின்றன. அபார்ட்மென்ட் செக்யூரிட்டி, அதே பிளாக்கில் வேலை செய்யும் அக்காக்கள், துணி அயர்ன் செய்பவர், பக்கத்துத் தெரு ப்ளே ஸ்கூல் ஆயாம்மா... இவர்களுக்குத் தெரியாமல் ஒரு அபார்ட்மென்ட்டில் வேலை காலியாகாது.

ஏஜென்சி வழியாகப் போவதில் தவறில்லை. ஆனால் சேர்வதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். கமிஷன் யாரிடம் வாங்குகிறீர்கள், என்னிடமா வீட்டுக்காரரிடமா? சம்பளம் என் கைக்கு வருமா, உங்கள் வழியாக வருமா? பிடிக்காமல் வந்துவிட்டால் ஏதாவது கட்ட வேண்டுமா? வீட்டுக்காரர் 20,000 கொடுத்து, உங்கள் கைக்கு 13,000 வந்தால், அந்த 7,000 எங்கே போகிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் டெபாசிட் என்று முன்பணம் கேட்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டுக்காரர் முதல்முறை பேசும்போது தனியாகப் போகாமல் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். அட்ரஸை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டு மூன்று நாள் ட்ரையல் கேட்பது சகஜம்தான், ஆனால் அந்த நாளுக்கும் கூலி உண்டு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

சம்பளம்: மணிக்கணக்கில் யோசியுங்கள்

"மாசம் எட்டாயிரம் தர்றோம்மா" என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் வீட்டு வேலைக்கும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. பலருக்கு இது தெரியாது. 2018-ல் அரசு இதை நிர்ணயித்தபோது மணிக்கு 37 ரூபாயில் ஆரம்பித்தது. வீட்டோடு தங்கி வேலை செய்பவர்களுக்குக் கூடுதலாக 10 சதவீதம். 37 ரூபாய் கணக்கிலேயே ஒரு நாளைக்கு 8 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 7,696 ரூபாய் வருகிறது. அதே 26 நாள் 12 மணி நேரம் என்றால் 11,544. அப்படியானால் 12 மணி நேரத்துக்கு எட்டாயிரம் என்பது மணிக்கு 26 ரூபாய்கூட இல்லை. இத்தனை வருஷம் முந்தைய அடித்தளத்தையே அது தொடவில்லை.

இது அடித்தளம் மட்டும்தான். நகரங்களில், அதுவும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள, இதைவிட அதிகமாகவே பேச முடியும். எவ்வளவு என்பது ஏரியாவுக்கு ஏரியா மாறும். ஒரே வழி, அதே அபார்ட்மென்ட்டில் வேலை செய்யும் மூன்று பேரிடம் கேட்பது. மூன்று பேர் சொல்வதிலும் நடுவில் இருப்பதை உங்கள் குறைந்தபட்சமாக வைத்துக்கொண்டு பேசுங்கள். இரட்டைக் குழந்தை, இரவுப் பணி என்றால் அதற்கு மேல்.

தங்கி வேலை என்றால் கூடுதல் கவனம் வேண்டும். சாப்பாடு, இடம் இலவசம் என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைப்பார்கள். ஆனால் இரவு இரண்டு மணிக்குக் குழந்தை அழுதால் எழுவது யார்? அப்படி எழுந்தால் பகலில் தூங்க நேரம் தருவார்களா? எங்கே படுப்பது, கதவு உள்ளே பூட்டு இருக்கிறதா? வாரத்தில் ஒருநாள் வீட்டுக்குப் போகலாமா? போன் உங்கள் கையில் இருக்குமா? சங்கடப்படாமல் முதல்நாளே கேட்க வேண்டிய கேள்விகள் இவை. ஹாலில் சிசிடிவி கேமரா இருப்பது இப்போது சாதாரணம். நீங்கள் படுக்கும், உடை மாற்றும் இடத்தில் இருக்கக் கூடாது.

"அப்படியே ரெண்டு பாத்திரம் தேச்சிடேன்"

சண்டை பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. குழந்தைக்கென்று சேர்ந்தவர், மூன்றாவது மாதத்தில் வீட்டின் மொத்த வேலையையும் செய்துகொண்டிருப்பார். சம்பளம் மட்டும் அதேதான். குழந்தையின் துணி துவைப்பது, பால் பாட்டில் கழுவிக் கொதிக்க வைப்பது, குழந்தைக்குக் கூழ் செய்வது, பொம்மைகளை எடுத்து வைப்பது எல்லாம் உங்கள் வேலையில் சேரும். வீட்டுக்கே சமைப்பதும் வீடு துடைப்பதும் சேராது. கோபம், மரியாதை எல்லாம் தாண்டி, இதில் குழந்தையின் பாதுகாப்பும் இருக்கிறது. அடுப்பில் குழம்பை வைத்துக்கொண்டு தவழும் குழந்தையைப் பார்க்க முடியாது. இதையே காரணமாகச் சொல்லுங்கள்: "நான் அங்க போனா பாப்பாவை யாரு பார்க்கிறதும்மா?" பெரும்பாலான அம்மாக்கள் அடுத்த முறை கேட்க மாட்டார்கள். கூடுதல் வேலை செய்ய உங்களுக்கே சம்மதம் என்றால், அதற்குத் தனிச் சம்பளம் பேசிவிடுங்கள்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டால் நல்லது. வேலை நேரம், சம்பளம், எந்தத் தேதியில், லீவு எத்தனை, என்னென்ன வேலை, நிறுத்துவதானால் எத்தனை நாள் முன்னாடி சொல்வது. முத்திரைத்தாள் எல்லாம் வேண்டாம். பேசியதை வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜாகப் போட்டு "சரிதானேம்மா?" என்று கேட்டு, அவர்கள் "ஓகே" என்று பதில் போட்டாலே போதும். சம்பளத்தை பேங்க்கிலோ ஜிபேயிலோ வாங்குங்கள். பின்னால் பிரச்சினை வந்தால் அதுவே சாட்சி.

பள்ளிக்கூட ஃபீஸ், வட்டிக்கடன் என்று அட்வான்ஸ் வாங்க வேண்டிய நிலை வரும். வாங்கலாம். ஆனால் "கடன் தீரும்வரை வேலையை விட்டுப் போகக் கூடாது" என்று பிடித்து வைத்தால் அது கொத்தடிமை முறை. 1976-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

அரசு தரும் பாதுகாப்பு என்ன?

வீட்டுப் பணியாளர்களுக்கென்று நாடு முழுமைக்கும் தனிச் சட்டம் இன்னும் வரவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இதற்குச் சட்டம் கொண்டுவருவது பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் 2007-லிருந்தே வீட்டுப் பணியாளர் நல வாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்யலாம், கட்டணம் கிடையாது. குழந்தைகளின் படிப்புக்கு உதவித்தொகை, திருமண உதவி, மகப்பேறு உதவி, விபத்து இழப்பீடு, 60 வயதுக்கு மேல் பென்ஷன் என்று பலன்கள் உண்டு. தொழிலாளர் துறையின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். சிக்கல் வந்தால் மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில், சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவைப் பாருங்கள். பதிவு செய்து தருகிறேன் என்று ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் புரோக்கர்களைப் பக்கத்தில் விடாதீர்கள். மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவு தனி. அது 16 முதல் 59 வயது வரை, அதுவும் இலவசம். உதவி எண் 14434.

வீட்டில் யாராவது தப்பாக நடந்துகொண்டால் "வெளியே சொன்னா வேலை போயிடும்" என்று அமைதியாக இருக்க வேண்டாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டம் வீட்டுப் பணியாளர்களையும் சேர்த்தே எழுதப்பட்டது. ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கு உள்ளூர் புகார்க் குழு உண்டு. முகாந்திரம் இருப்பதாகத் தெரிந்தால் குழுவே 7 நாளுக்குள் புகாரை போலீஸுக்கு அனுப்ப வேண்டும். உடனடி உதவிக்கு 181 அல்லது 112.

உங்கள் மகளை அனுப்ப நினைக்கிறீர்களா? 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை வீட்டு வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். "சும்மா பாப்பாவோட விளையாடத்தான்" என்று சொன்னாலும் அதேதான். நல்ல குடும்பங்கள் 18 வயதுக்குக் குறைந்தவர்களைக் கேட்கவே மாட்டார்கள். கேட்கிறார்கள் என்றாலே யோசியுங்கள். இப்படி எங்காவது பார்த்தால் 1098-க்குச் சொல்லலாம்.

வெளிநாட்டுக்குப் போகலாமா?

சிங்கப்பூரில் வீட்டுப் பணிப்பெண்ணாக முதல்முறை போக, வயது 23-லிருந்து 50-க்குள் இருக்க வேண்டும், குறைந்தது 8 ஆண்டு பள்ளிப் படிப்புக்குச் சான்று வேண்டும். ஆக, எட்டாவது மார்க் ஷீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அங்கே ஏஜென்சி உங்களிடம் வாங்கும் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு: ஒப்பந்தத்தின் ஒரு வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். மாதத்தில் ஒருநாள் விடுமுறையைப் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ள முடியாது, கொடுத்தே ஆக வேண்டும்.

வளைகுடா நாடுகளில் விதிகள் இன்னும் கடுமை. பத்தாவது முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் குடியேற்ற அனுமதி தேவைப்படும் வகையில் வரும். அந்த வகை பாஸ்போர்ட்டில், 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அனுமதி வாங்க வேண்டும். 30 வயதுக்குக் குறைந்த பெண்களுக்கு அந்த அனுமதி கிடையாது. வீட்டு வேலைக்கான பெண்களை அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் அது அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், சென்னையில் இருக்கிறது. தெருவில் ஒருவர் வந்து "துபாய்ல குழந்தை பார்க்கிற வேலை, 35 ஆயிரம், விசிட் விசால போய்டலாம், அங்க போய் மாத்திக்கலாம்" என்றால், அந்தப் பயணத்தில் உங்கள் பெயர் எந்த அரசுப் பதிவிலும் இருக்காது. சம்பளம் தராவிட்டாலும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்தாலும் எந்த ஒப்பந்தத்தைக் காட்டிக் கேட்பீர்கள்? புறப்படும் முன் சந்தேகம் இருந்தால் மத்திய வெளியுறவுத் துறையின் இலவச எண் 1800 11 3090-க்குப் போன் செய்து, ஏஜென்ட்டின் பெயரையும் பதிவு எண்ணையும் சொல்லிக் கேளுங்கள். பதிவு எண் தர மறுக்கும் ஏஜென்ட்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.